அறுபது வீட்டுக்கு ஒரு முகவரி

அத்தியாயம் ஐந்து

கடல் மூன்று பேரைத் திருப்பித் தரவில்லை. அதற்கு வினோஜ்தான் பதில் சொல்ல வேண்டும் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

அவன் சிறைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. நாளைக்கு ஜாமீன் விசாரணை. கிடைப்பது கஷ்டம் என்று வக்கீலே சொல்லிவிட்டார். அவன் மனைவி ஜின்சி காரின் பின் சீட்டில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் முத்துக்கனி. டெலிபோன் இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வடசேரியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள்.

காரை ஓட்டியவன் ஸ்மைலின், அவளுடைய உதவியாளன். சார்ஜாவில் பல வருடம் ஒயர் இழுத்துவிட்டுத் திரும்பியவன். பேருக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லை. அவன் சிரிக்க மாட்டான். அடுத்தவரைச் சிரிக்க வைப்பான். இன்று காலையிலிருந்து அதுவும் ஓடவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு ஜின்சி" என்றாள் முத்துக்கனி. "புயல் எச்சரிக்கை இருந்தது. ஒரு போட்டும் போகல. பின்ன?"

"சாயங்காலம் போட் ஓனர் சங்கத்து இன்டர்நெட் பக்கத்துல நோட்டீஸ் வந்தது அக்கா. எச்சரிக்கை நீங்கியாச்சு, போகலாம்னு. ஏழே முக்காலுக்கு. கள்ள நோட்டீசு."

"பக்கத்தைப் பாத்துக்கிடுறது உன் மாப்பிள்ளை."

"அவருதான். ஆனா பாஸ்வேர்டு சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். மாதா பேரும், ஒண்ணு ரெண்டு மூணும்."

"நல்ல பூட்டு" என்றான் ஸ்மைலின். "சாவியையும் கதவுலயே தொங்கவிட்டாச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"அந்த நேரம் அவரு வடசேரில பஸ்சுக்கு நின்னாரு. போலீசு அதைக் காதுல வாங்கல. நோட்டீஸ் போனது எங்க வீட்டு நெட்டுலயாம். வீட்ல நானும் ஸ்டெனியும்தான். அவன் அடுக்களையில நின்னு சாயா குடிச்சிட்டிருந்தான். அவன் போன்லதான் நோட்டீசை முதல்ல பாத்தோம். 'ஏட்டி அக்கா, எச்சரிக்கையை எடுத்தாச்சு, மச்சான் போட்டிருக்காரு'ன்னான். டம்ளரைக் கழுவக்கூட இல்ல. ஓடிட்டான்."

ஸ்டெனி அவள் தம்பி. திரும்பாத மூன்று பேரில் ஒருவன். போட்டின் பெயர் சகாயமாதா. அவர்களுடைய அப்பா சிலுவைதாசனின் போட். ஓட்டியவன் மரியான். கூட விபின். ஸ்டெனி போவதாகவே இல்லை. துறையில் ஆள் குறைகிறது என்று கேட்டு ஏறிக்கொண்டான். மற்ற ஓனர்கள் விடியட்டும் என்று காத்திருந்தார்கள். சகாயமாதா மட்டும் இருட்டிலேயே கயிறு அவிழ்த்தது.

"போலீசு எங்கிட்டயும் கேக்காவ" என்றாள் ஜின்சி. "உன் மாப்பிள்ளை போடலேன்னா நீ போட்டியான்னு."

கார் தேங்காய்ப்பட்டணம் திருப்பத்தில் வேகம் குறைந்தது. ஸ்மைலின் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியைக் கடல் கொண்டுபோனது. புருஷனைப் போலீஸ் கொண்டுபோனது. இனி எடுப்பதற்கு அவளிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

அது தப்புக் கணக்கு என்று தெரிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

*

நெட்காரி சபிதாவின் வீடு தோப்புக்குள் இருந்தது. கூரையில் ஒரு கம்பம். கம்பத்திலிருந்து நாலு பக்கமும் ஒயர். அவள் புருஷன் அனீஷ் சார்ஜாவில் இருந்தபடியே இந்தச் சின்ன இன்டர்நெட் வியாபாரத்தை நடத்துகிறான். மூன்று தெரு, அறுபது வீடு. போலீஸ் கேட்ட கேள்விக்கு வினோஜின் பெயரை எழுதி அனுப்பியதும் அவன்தான்.

சபிதா ஜின்சியின் பள்ளிக்கூடத் தோழி. வாசலில் அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"நான் ஒண்ணும் செய்யல ஜின்சி. அவரு அங்கேர்ந்து பாத்துச் சொன்னாரு."

"தெரியும். உள்ள வரட்டா?"

ஹாலில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் பதினொன்றரை. இன்னொன்றில் பத்து. முத்துக்கனி நின்றாள்.

"அது ஓடலியா?"

"ஓடுதே அக்கா. இது நம்ம மணி. அது அவரு மணி."

ஸ்மைலினுக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் பாதி வீட்டுச் சுவரில் கல்ஃப் கடிகாரம் ஒன்று உண்டு. புருஷன் எழுந்திருப்பானா, சாப்பிட்டிருப்பானா, இப்போது கூப்பிடலாமா என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அவன் வீட்டிலும் ஒன்று இன்னும் ஓடுகிறது. அவன் வந்து மூன்று வருடமாகியும் மனைவி ரீத்தா அதைக் கழற்றவில்லை.

"கழத்த மாட்டேங்கா அக்கா" என்றான். "திருப்பி அனுப்பிருவாளோன்னு எனக்கு ஒரு பயம்."

முத்துக்கனி வடசேரிக்காரி. அவள் வீட்டில் யாரும் கடல் தாண்டிப் போனதில்லை. அவள் இரண்டு கடிகாரங்களையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சர்வர் இருந்தது ஸ்டோர் ரூமில். ஒரு பக்கம் கறுப்புப் பெட்டி, மின்னுகிற விளக்குகள், ஒரு திரை. மறுபக்கம் கூரை வரைக்கும் தேங்காய்.

"தேங்காய்க்கும் ஏசி" என்றான் ஸ்மைலின். "கொடுத்து வச்சது."

முத்துக்கனி ஜின்சியை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "நீ இதைப் புரிஞ்சுக்கணும். நாளைக்கு உன்கிட்டயும் கேப்பாங்க. இந்த அறுபது வீடும் ஒரு காம்பவுண்டு மாதிரி. வெளிய இருந்து பாத்தா அறுபதுக்கும் ஒரே முகவரி. எந்த வீட்டு ஆள் வெளிய போனான்னு எப்படிக் கண்டுபிடிக்க? இந்தப் பெட்டி வீட்டுக்குக் கொஞ்சம் வாசல் எண் பிரிச்சுக் கொடுக்கும். ஒரு வீடு நெட்டை விட்டா, அந்த எண்ணைப் பக்கத்து வீடு எடுத்துக்கும். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு."

"அப்ப முகவரி மட்டும் போதாது. வாசலும் வேணும், நேரமும் வேணும். மூணுல ஒண்ணு பிசகினா வேற வீட்டுக்காரன் மாட்டுவான். சங்கத்துப் பக்கத்தைத் தாங்குற சென்னைக் கம்பெனி இந்த மூணையும் ஒழுங்கா எழுதி வச்சிருக்கு. வக்கீல் காட்டினார். ஏழே முக்கால், இந்திய நேரம்னே போட்டிருக்கு." அவள் திரும்பினாள். "சபிதா, உன் சர்வர் யாரு மணியில ஓடுது?"

சபிதா விழித்தாள். "புரியல அக்கா."

"நம்ம மணியா? அவரு மணியா?"

சபிதா ஹாலில் தொங்கிய கடிகாரங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்துக்கனி தன் போனை அந்த வீட்டு நெட்டில் இணைத்தாள். திரையின் அடியில் புதிதாக ஒரு வரி விழுந்தது. ஸ்மைலின் குனிந்து படித்தான். போனில் பதினொன்று முப்பத்தைந்து. திரையில் பத்து ஐந்து. எந்த ஊர்ப் பத்து ஐந்து என்று பக்கத்தில் ஒரு எழுத்தும் இல்லை.

"பெட்டிக்கும் விசா கிடைச்சாச்சு" என்றான் அவன்.

*

சபிதா வீடியோவில் அழைத்தாள். அனீஷ் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தான். பின்னால் எங்கோ கிரேன் ஓசை.

"எனக்கு இங்கேர்ந்து பாக்க அதுதான் சுளுவு அக்கா. இதுல என்ன பெரிய காரியம்?"

"போலீசு ஏழே முக்கால்னு கேட்டாங்க. நீ எந்த ஏழே முக்காலைப் பாத்த?"

அனீஷ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"உன் பெட்டியில ஏழே முக்கால்னா இங்க ஒம்பதே கால்" என்றாள் முத்துக்கனி. "அப்ப அந்த வாசல் வினோஜ் வீட்டுல இருந்தது, சரிதான். நோட்டீஸ் போனது அதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. நேரத்தை எழுதினா அது எந்த ஊர் நேரம்னு கூடவே எழுதணும். பெட்டிக் கடிகாரத்தைப் பொது நேரத்தோட ஒட்டி வைக்கணும். உலகம் பூரா சர்வர் நடத்துறவங்க ஒத்துக்கிட்ட வழக்கம் இது. உனக்கு யாரும் சொல்லலியா?"

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரனுக்கு. நம்மது அறுபது வீடு."

"அந்த அறுபதுல ஒருத்தன் ஜெயில்ல கிடக்கான்."

அனீஷின் கண் ஜின்சி மேல் விழுந்தது. உடனே விலகியது. "எனக்க பேரு வருமா அக்கா?"

"வரணும்."

"ஒரு நிமிஷம். நான் இப்பவே சரியாக்கிருதேன்."

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. அது மேலே போனது. ஒரு கட்டத்தைத் திறந்தது. கடிகாரப் படத்தின் மேல் நின்றது.

"அனீஷ், கையை எடு" என்றாள் முத்துக்கனி. "இப்ப அந்தக் கடிகாரம்தான் சாட்சி. அதைத் தொடாதே."

அம்புக்குறி நிற்கவில்லை.

ஸ்மைலின் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, வெளியே போகும் ஒயரைப் பிடுங்கினான். அம்புக்குறி செத்தது. போனில் அனீஷின் முகம் வாய் பிளந்தபடி உறைந்து, பிறகு மறைந்தது.

அரை நிமிடத்தில் சபிதாவின் போன் அடித்தது. அவள் எடுத்தாள். "ஆமா அண்ணே. பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணே." வைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடி.

"ஒரு ஆளு உள்ள போனப்ப யாரும் விளிக்கல" என்றான் ஸ்மைலின். "நெட்டு நின்னதும் ஊரே விளிக்குது."

முத்துக்கனி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "சபிதா, அன்னைக்குத் தேதிக்குப் போ. ஆறே கால். அதே வாசல் எண். யாரு கையில இருந்தது?"

சபிதா உருட்டினாள். வரிகள் ஓடின. நின்றன. அவள் விரல் மவுஸிலேயே இருந்தது. பிறகு எழுந்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இது வேண்டாம் அக்கா."

"நகரு."

"ஜின்சியை வெளிய அனுப்புங்க."

ஜின்சி எழுந்தாள். சபிதாவின் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினாள். திரையைப் படித்தாள். அவள் உதடு அசைவதை ஸ்மைலின் பார்த்தான். ஒரு பெயரை முடிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

"இது எங்க அப்பா வீடு" என்றாள். "எங்க பக்கத்து வீடு."

"உங்க அம்மா?" என்று கேட்டாள் முத்துக்கனி.

"செத்து நாளாச்சு. அந்த வீட்ல அப்பாவும் ஸ்டெனியும்தான்." நிறுத்தினாள். அடுத்ததை அவளேதான் சொல்ல வேண்டும் என்பது போல மற்ற மூவரும் காத்திருந்தார்கள். "ஸ்டெனி எங்கூட சாயா குடிச்சிட்டிருந்தான்."

*

சபிதாவைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு வக்கீலுக்குப் போன் செய்து ஆள் அனுப்பச் சொன்னாள் முத்துக்கனி. ஸ்மைலின் காரைச் சிலுவைதாசன் வீட்டுக்குத் திருப்பினான். வினோஜ் வெளியே வர இனி ஒரே வழிதான். அது இந்தப் பெண்ணின் அப்பா வழியாகப் போகிறது.

வாசல் திறந்திருந்தது. சிலுவைதாசன் வயர்லெஸ் செட்டின் முன் உட்கார்ந்திருந்தார். ஒரு வார தாடி. பக்கத்தில் தொடாத கஞ்சி. செட் இரைந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு போட்டுகள் இன்னும் கடலில் உடல்களைத் தேடுகின்றன.

"துறைக்கு ரோசாமிஸ்டிகா பேசுது" என்றது செட். "மேற்க பாத்தாச்சு. ஒண்ணும் கிட்டல." பிறகு இன்னொரு குரல்: "துறைக்கு கடல்ராணி. நமக்கும் ஒண்ணும் கிட்டல." செட்டில் யார் பேசினாலும் முதலில் போட் பேரையோ தன் பேரையோ சொல்லுவார்கள். பேர் சொல்லாத குரலுக்குக் கடலில் மதிப்பில்லை.

"வா மக்கா" என்றார் சிலுவைதாசன். பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

ஜின்சி உட்காரவில்லை. "அப்பா, அன்னைக்கு ஏழே முக்காலுக்கு இந்த வீட்ல யாரு இருந்தா?"

அவர் செட்டின் ஓசையைக் கொஞ்சம் குறைத்தார்.

"அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி. "நெட்டுக்காரன் கடிகாரம் கல்ஃப் மணியில ஓடியிருக்கு. அதனாலதான் வினோஜ் பேரு வந்தது. இப்ப சரியான நேரத்தைப் பாத்தாச்சு. வீடு எதுன்னு பெட்டி சொல்லும். கை யாருதுன்னு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும்."

"நான்தான்" என்றார்.

வாதாடுவார் என்று ஸ்மைலின் நினைத்திருந்தான். அதற்கு வேண்டிய பதில்களையும் வரும் வழியில் யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் தேவைப்படவில்லை.

"மீன்பிடித் தடைக்காலம் வருது. அதுக்கு முன்ன ஒரு ஓட்டம் போனா போதும். கணவாய் மீன் நல்லாக் கிடக்குன்னாவ. மரியான் நோட்டீசைப் பாக்காம கயிறு அவுக்க மாட்டேன்னான். எத்தனை எச்சரிக்கை சும்மா வந்து சும்மா போயிருக்கு. இதுவும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."

"ஸ்டெனி ஏறினது?"

"தெரியாது. அவன் சத்தம் இந்தச் செட்டுல கேட்டப்பதான் தெரியும். 'துறைக்கு சகாயமாதா, ஸ்டெனி பேசுதேன்'னு விளையாட்டாச் சொன்னான். திரும்பி வாலேன்னேன். ஏன்பான்னான். நோட்டீஸ் வந்தாச்சே, மச்சான்தானே போட்டிருக்காருன்னான்."

"நீங்க என்ன சொன்னிய?"

அவர் மகளைப் பார்த்தார். "செட்டு எல்லா போட்டுலயும் கேக்கும் மக்கா."

ஸ்மைலின் ஒரு நாற்காலியை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை" என்றாள். "கள்ள நோட்டீசுன்னு ஒரு வார்த்தை."

"சும்மா திரும்பி வா, திரும்பி வான்னு கத்தினேன். அவன் சிரிச்சான். பின்ன ரேஞ்சு போச்சு."

"வினோஜைப் பிடிச்சிட்டுப் போனப்ப? நான் இந்த வாசல்ல கிடந்து அழுதேனே. அப்ப?"

சிலுவைதாசனின் குரல் யாரோ தூரத்துச் செட்டில் பேசுவதுபோல இருந்தது.

"கம்ப்யூட்டர்ல அவன் பேருதான் வந்திருக்குன்னாவ. கம்ப்யூட்டர் சொன்னா தப்பாதுன்னாவ. போட்டது நான்னு எனக்குத் தெரியும். இருந்தும் ராத்திரி படுத்தா அதை நம்பப் பாத்தேன். வினோஜ்தான் போட்டிருப்பான், நான் போடலன்னு. கொஞ்ச நேரம் நம்பவும் முடிஞ்சுது."

செட் கரகரத்தது. "துறைக்கு ரோசாமிஸ்டிகா. விபினுக்க அப்பன் கேக்காரு, தெக்க ஒரு தடவை போய்ப் பாக்கட்டான்னு."

துறையிலிருந்து யாரோ பார்க்கச் சொன்னார்கள்.

ஜின்சி மேசைக்கு வந்தாள். மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். சுருள் ஒயர் நீண்டது. அப்பாவின் கையில் வைத்தாள்.

"அன்னைக்குச் சொல்லாததை இப்பச் சொல்லுங்க."

"ஜின்சி" என்றாள் முத்துக்கனி. "போலீசுல சொன்னா போதும். நாளைக்குக் கோர்ட்டுல சொல்லட்டும்."

"விபினுக்க அப்பன் கோர்ட்டுல இல்ல அக்கா. கடல்ல நின்னு தேடிட்டிருக்காரு. எனக்க மாப்பிள்ளையைச் சபிச்சிட்டே தேடுதாரு."

சிலுவைதாசன் மைக்கைப் பார்த்தார். கட்டைவிரல் பொத்தானைத் தொட்டது. அழுத்தியது. இரைச்சல் நின்றது.

"அந்த நோட்டீசு வினோஜ் போடல" என்றார். "எச்சரிக்கையை யாரும் எடுக்கல. நான் போட்டது. பொய்."

விரலை எடுத்தார். இரைச்சல் திரும்ப வந்தது. அதற்குள் ஒரு குரலும் இல்லை. கடலில் பத்துப் பன்னிரண்டு போட்டுகள். எல்லாவற்றிலும் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு வயசான குரல் வந்தது.

"பேசுறது யாரு? பேரைச் சொல்லிட்டுப் பேசு."

சிலுவைதாசன் மகளை ஏறிட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"துறைக்கு, எல்லா போட்டுக்கும்" என்றார். "சிலுவைதாசன் பேசுதேன். சகாயமாதாவுக்க ஓனர். ஸ்டெனிக்க அப்பன்."